எட்ஜ் பேண்ட் ஒட்ட எந்த இஸ்திரிப் பெட்டி? கனமான 1000 வாட் டிரை அயர்ன் குறித்த மதிப்பீடு

துணி தேய்ப்பதற்காகச் செய்யப்பட்ட ஒரு கருவியைப் பலகை வேலைக்கு எடுத்துக்கொள்ளும்போது, அதன் அட்டைப்பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கும் சிறப்புகளில் பெரும்பாலானவை பயனற்றுப் போகின்றன. நீராவி, தண்ணீர் தெளிக்கும் பொத்தான், கைக்கு வலிக்காத எடை, பட்டனைச் சுற்றித் தேய்ப்பதற்கான காடி ஆகியவற்றில் ஒன்றுகூட பிளைவுட்டின் வெட்டு விளிம்பை மறைக்க எட்ஜ் பேண்ட் என்ற பட்டையைச் சூட்டால் ஒட்டுபவருக்குத் தேவையில்லை. சில வேளைகளில் அவையே இடைஞ்சலாகவும் அமைகின்றன. இங்கே நான் மதிப்பிடுவது ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தின் தயாரிப்பை அல்ல. பஜாஜ், பிலிப்ஸ், உஷா போன்ற பல பெயர்களில் கடைகளில் கிடைக்கும், நீராவி இல்லாத 1000 வாட் டிரை அயர்ன்களில், ‘ஹெவி வெயிட்’ என்று தனியாகக் குறிப்பிட்டு விற்கப்படும் வகையை. அதே 1000 வாட்டில் வரும் எடை குறைந்த வகையையும், வீடுகளில் இப்போது பரவலாகிவிட்ட ஸ்டீம் அயர்னையும் அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒட்டப்படும் பொருளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பின்புறத்தில் பசை பூசி வரும் வெனீர் பட்டை என்பது, மெல்லிய மரத்தோலின் பின்னால் சூட்டில் உருகும் எத்திலீன் வினைல் அசிடேட் வகைப் பசையைப் படியவிட்டுச் சுருளாகச் சுற்றிய ஒன்று. 18 அல்லது 19 மி.மீ. தடிமனுள்ள பலகைக்கு 22 மி.மீ. அகலப் பட்டையே வழக்கம்; இரு பக்கமும் ஒன்றரை அல்லது இரண்டு மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி ஒட்டி, பிறகு சீவிவிடுவார்கள். தொழிற்சாலைகளில் இதையெல்லாம் எட்ஜ் பேண்டிங் இயந்திரம் செய்துவிடுகிறது. வீட்டுக்கே வந்து அலமாரி செய்து கொடுக்கும் தச்சர்கள் தேக்கு பீடிங் (மெல்லிய மரச்சட்டம்) அடித்து விளிம்பை மறைப்பதே நம் ஊர்ப் பழக்கமாக இருந்தது. இயந்திரமும் இல்லாமல், பீடிங்கின் தடிமனும் வேண்டாம் என்று நினைக்கும் இடத்தில்தான் இஸ்திரிப் பெட்டிக்கு வேலை வருகிறது: ஒரு புத்தக அலமாரி, ஒரு படிப்பு மேசை, இரண்டு மூன்று தட்டுகள் என்ற அளவில்.

தேர்வில் முதலில் பார்க்க வேண்டியது அடித்தகடு. ஸ்டீம் அயர்னைத் திருப்பிப் பார்த்தால் மூக்கிலிருந்து இரு ஓரங்களிலும் நீராவித் துளைகள் வரிசையாக இருப்பதையும், பல மாடல்களில் அந்தத் துளைகளை இணைக்கும் பள்ளங்கள் ஓடுவதையும் காணலாம். துணிக்கு அது நல்லது. ஆனால் 18 மி.மீ. அகலமே உள்ள ஒரு விளிம்பின் மேல் அந்தத் தகடு செல்லும்போது, துளையும் பள்ளமும் கடந்துபோகும் இடத்தில் பட்டைக்குச் சூடும் போய்ச் சேராது, அழுத்தமும் போய்ச் சேராது. ஒட்டி முடித்த பட்டையை நகத்தால் தட்டிக்கொண்டே போனால், நன்றாகப் பிடித்த இடத்தில் கெட்டியான ஓசையும் பிடிக்காத இடத்தில் பொக்கென்ற ஓசையும் வருவதைக் கேட்கலாம். ஸ்டீம் அயர்ன் கொண்டு ஒட்டிய விளிம்பில் இந்தப் பொக்கு ஓசை அங்கங்கே திட்டுத் திட்டாக வரும். தொட்டியில் தண்ணீரே ஊற்றாமல் பயன்படுத்தினாலும், பழைய ஈரம் உள்ளே தங்கியிருந்து சூடேறியதும் சொட்டாக வெளியேறுவதுண்டு. மர இழைகளை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையின் விளிம்பில் அந்தச் சொட்டு விழுந்தால் அந்த இடம் உப்பிக்கொள்ளும். பிறகு எவ்வளவு உப்புத்தாள் போட்டாலும் பழைய மட்டம் திரும்பாது. எனவே துளையில்லாத, முழுக்கத் தட்டையான அடித்தகடு என்பது விருப்பத்தின்பால் பட்டதல்ல, கட்டாயம். டிரை அயர்னிலும்கூட மூக்குப் பக்கத்தின் ஓரங்களில் பட்டன் காடி இருக்கும் என்பதால், தகட்டின் நடுப்பகுதியை மட்டுமே வேலைக்குப் பயன்படுத்த வேண்டும்.

அடுத்தது எடை. ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள இலேசான டிரை அயர்னுக்கும், இரண்டு கிலோவை நெருங்கும் கனமான வகைக்கும் மின்சாரச் செலவில் வேறுபாடு கிடையாது. இரண்டும் 1000 வாட்தான். வேறுபாடு தகட்டின் தடிமனில் இருக்கிறது. பெட்டிக்குள் இருக்கும் தெர்மோஸ்டாட் என்பது இரு உலோகங்களை ஒட்டிச் செய்த ஒரு சிறு பட்டை; குறிப்பிட்ட சூடு ஏறியதும் வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும், ஆறியதும் நிமிர்ந்து இணைக்கும். அந்தத் துண்டிப்புக்கும் இணைப்புக்கும் இடையில் தகட்டின் சூடு ஒரே நிலையில் நிற்பதில்லை, ஏறி இறங்குகிறது. மெல்லிய தகட்டில் இந்த ஏற்ற இறக்கம் அதிகம்: சூடு ஏறியதைக் காட்டும் பெட்டியின் விளக்கு அணைந்த கணத்தில் பட்டையைக் கருக்கும் அளவுக்குச் சூடாக இருப்பது, குளிர்ந்த பலகையின் மேல் ஒரு முழம் நகர்ந்த உடனேயே பசையை உருக்கவும் போதாத நிலைக்கு இறங்கிவிடுகிறது. தடித்த தகடு சூட்டைச் சேமித்து வைத்திருப்பதால், எட்டடிப் பலகையின் ஒரு முனையில் கொடுத்த அதே சூட்டை மறுமுனையிலும் கொடுக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் கனமான வகையைப் பரிந்துரைக்கிறேன். கை கொடுக்கும் அழுத்தத்தில் பாதியைப் பெட்டியே கொடுத்துவிடுகிறது என்பது கூடுதல் ஆதாயம்.

இந்த எடைக்கே ஒரு குறையும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. பெட்டியின் பின்பக்க அகலம் பலகையின் தடிமனைப் போல ஐந்தாறு மடங்கு இருப்பதால், தகட்டின் பெரும்பகுதி இருபுறமும் அந்தரத்தில் தொங்குகிறது. கை சற்றே சாய்ந்தாலும் கனமான பெட்டி அந்தப் பக்கமாகக் கவிழப் பார்க்கும். அப்போது நீட்டிக்கொண்டிருக்கும் வெனீர் ஓரம் மடங்கி, விளிம்பின் கோட்டில் மர ரேகைக்கு இணையாக மயிரிழை போன்ற வெடிப்பு விழும். பலகையின் இரு முகங்களிலும், விளிம்பிலிருந்து ஒரு மயிரளவு கீழிறக்கி, பக்கத்துக்கொரு நேரான ரீப்பரை (மரச்சட்டத்தை)க் கிளாம்ப் போட்டுக்கொண்டால் பெட்டி அவற்றின் மேல் சாயாமல் ஓடும். இலேசான பெட்டியில் இந்தத் தொல்லை குறைவு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஓரடி, இரண்டடித் தட்டுகள் மட்டுமே செய்பவருக்கு அதுவே போதுமானதாக இருக்கக்கூடும்.

டயலில் எங்கே வைப்பது என்ற கேள்விக்கு வருவோம். துணிகளின் பராமரிப்புக் குறிகளில் ஒரு புள்ளி என்பது 110, இரண்டு புள்ளி 150, மூன்று புள்ளி 200 டிகிரி செல்சியஸை உச்ச வரம்பாகக் குறிப்பவை. டயலில் இருக்கும் சில்க், வுல், காட்டன் என்ற பெயர்களும் ஏறக்குறைய அவற்றையே பின்பற்றுகின்றன. பசை பூசிய வெனீருக்கு வுல்லைத் தாண்டி, காட்டனுக்குச் சற்று முன்னால் வைத்துத் தொடங்குவது பாதுகாப்பானது. ஆனால் ஒரு பெட்டியின் காட்டன் மற்றொன்றின் வுல்லாக இருப்பது சர்வ சாதாரணம் என்பதால், டயலை நம்புவதைவிட வெட்டி எறிந்த துண்டில் ஒரு சாண் நீளம் ஒட்டிப் பார்ப்பதே முறை. விளக்கு முதல் முறை அணைந்ததும் வேலையைத் தொடங்கிவிடக் கூடாது. இரண்டு மூன்று முறை அணைந்து எரிந்த பிறகுதான் தகடு முழுவதும் சீரான சூட்டுக்கு வருகிறது.

பி.வி.சி. பட்டை வேறு ரகம். நம் ஊர்க் கடைகளில் எட்ஜ் பேண்ட் என்று கேட்டால் பெரும்பாலும் எடுத்துத் தருவது இதைத்தான். பி.வி.சி. 80 டிகிரியை ஒட்டிய சூட்டிலேயே இளகத் தொடங்கிவிடும் பொருள். பின்னாலிருக்கும் பசை உருக அதைவிட அதிகச் சூடு வேண்டும் என்பதால், பசை உருகுவதற்கு முன்பே முகப்பு பளபளத்து, நெளிந்து, சுருங்கிவிடுகிறது. 0.45 மி.மீ. அளவிலான மெல்லிய பட்டையைப் பட்டர் பேப்பருக்கு அடியில் வைத்து, குறைந்த சூட்டில், மிகுந்த பொறுமையோடு ஒட்டிவிடலாம், 2 மி.மீ. பட்டையில் சூடு பின்பக்கம் வரை போய்ச் சேர்வதே கடினம், அதை முயலவே வேண்டாம். கருகும் அளவுக்குச் சூடாக்கினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளியேறும். கண்ணையும் தொண்டையையும் எரிக்கும் அந்த நெடி வந்தாலே கதவு சன்னலைத் திறந்துவிட்டு வேலையை நிறுத்திவிட வேண்டும். பி.வி.சி.க்கு ரப்பர் வகைப் பசையை இரு பக்கமும் தடவி, காயவிட்டு அழுத்துவதே நம் தச்சர்களின் நடைமுறை, அதுவே சரியானதும்கூட. அங்கே இஸ்திரிப் பெட்டிக்கு வேலையே இல்லை.

கனமான டிரை அயர்னில் எனக்கு இருக்கும் பெரிய குறை அதன் மின்கம்பி. முழு பிளைவுட் பலகையின் நீளம் 2440 மி.மீ.; பெட்டியோடு வரும் கம்பியோ பலவற்றில் இரண்டு மீட்டரைக்கூடத் தொடாது. நடுவழியில் பிளக்கை மாற்றிச் செருகினால் ஒட்டிய இடத்தில் இணைப்புத் தெரியும். எனவே எக்ஸ்டென்ஷன் போர்டு தவிர்க்க முடியாதது. 230 வோல்ட்டில் 1000 வாட் என்பது நான்கரை ஆம்பியரை ஒட்டி வரும் என்பதால், செல்போன் சார்ஜருக்காக வாங்கிய மெல்லிய கம்பிப் போர்டு உதவாது. மூன்று பின் கொண்ட, எர்த் உள்ள, தடித்த கம்பியே வேண்டும். வாங்கும்போது கம்பியின் அடிப்பகுதி எல்லாத் திசையிலும் சுழல்கிறதா என்று பார்ப்பதும், மின் இஸ்திரிப் பெட்டிகளுக்கான இந்தியத் தர எண்ணான ஐ.எஸ். 366-ஓடு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பதும் அவசியம்.

இனி பயன்படுத்தும் முறை. பெட்டி எவ்வளவு நல்லதானாலும் விளிம்பு மோசமாக இருந்தால் பயனில்லை. ரம்பப் பல் விட்ட வரிகளை இழைப்புளியாலோ, கட்டையில் சுற்றிய 120 நம்பர் உப்புத்தாளாலோ எடுத்து, விளிம்பு முகத்துக்கு நேர்க்கோணத்தில் இருப்பதை மூலைமட்டம் வைத்துச் சரிபார்க்க வேண்டும். மலிவான பிளைவுட்டின் நடு அடுக்குகளில் இருக்கும் ஓட்டைகளை வுட் பட்டி வைத்து அடைத்துக் காயவிடாமல் பட்டையை ஒட்டினால், ஒட்டிய அன்று தெரியாது. மேசை விளிம்பில் யாராவது முழங்கை வைத்து அழுத்தும் நாளில் அந்த இடம் உள்வாங்கும். பிறகு மரத்தூளைத் துடைத்துவிட வேண்டும். இதில் காட்டும் சோம்பலுக்குத் தண்டனை உடனே கிடைத்துவிடும், ஏனெனில் பசை பலகையோடு ஒட்டாமல் தூளோடு ஒட்டிக்கொண்டு உரிந்து வரும்.

பட்டையை இரு முனையிலும் ஓரிரு அங்குலம் கூடுதலாக வெட்டி, விளிம்பின் மேல் கிடத்தி, நடுவில் நிற்கும்படி விரலால் பிடித்துக்கொண்டு, ஒரு முனையிலிருந்து பெட்டியை நகர்த்தத் தொடங்க வேண்டும். துணி தேய்க்கும் வேகத்தை மறந்துவிட வேண்டும். அடிக்கு ஐந்தாறு வினாடி என்ற அளவில், நிற்காமலும் பின்னால் திரும்பாமலும் போவது நல்லது. பசை உருகியதற்கு அடையாளம் தேடினால் விளிம்பின் ஓரத்தைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பாருங்கள்: பட்டைக்கும் பலகைக்கும் இடையிலான கோட்டில், நூல் அளவுக்குப் பளபளப்பான ஒரு கசிவு எட்டிப் பார்க்கும். அது தொடர்ச்சியாக வந்தால் சூடும் வேகமும் பொருந்திவிட்டன. விட்டுவிட்டு வந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும். வழிந்து ஓடினால் சூடு அளவுக்கு மீறிப் போகிறது என்று பொருள்.

ஆனால் பெட்டியின் பங்கு இத்தோடு முடிந்துவிடுகிறது என்பதைப் புதிதாகச் செய்பவர்கள் கவனிப்பதில்லை. உருகிய நிலையில் இருக்கும் பசை எதையும் பிடிப்பதில்லை. அது ஆறி இறுகும்போதுதான் பிடிக்கிறது. ஆகவே அது ஆறும் அந்தச் சில வினாடிகளில் பட்டை பலகையோடு அழுத்தப்பட்டிருக்க வேண்டும். வலக்கையில் பெட்டி நகர, அதற்கு ஒரு சாண் பின்னால் இடக்கையில் முனைகள் உருட்டப்பட்ட ஒரு மரக்கட்டை அழுத்திக்கொண்டே வர வேண்டும். வழவழப்பான தேக்குத் துண்டு போதும். ரப்பர் உருளை இருந்தால் இன்னும் வசதி. பட்டை எழும்புகிறதே என்று சூட்டைக் கூட்டிக்கொண்டே போகும் பலருக்கு உண்மையில் குறைவாக இருப்பது சூடு அல்ல, இந்த அழுத்தம்தான். இந்த இடத்தில் கனமான பெட்டிக்கு மற்றொரு வேலையும் கொடுக்கலாம்: சுவிட்சை அணைத்து நன்றாக ஆறிய பிறகு, எழும்பி நிற்கும் முனைகளில் சிறு எடைக்கல்லாக வைத்துவிடலாம்.

வெனீரின் முகத்தில் நேரடியாகப் பெட்டியை வைப்பதா, இடையில் தாள் வைப்பதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. நான் பட்டர் பேப்பர் பக்கம். பழைய பத்திரிகைத் தாளை வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மேப்பிள் போன்ற வெளிர்நிற வெனீரில் அச்சு மை ஏறிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது.

சீவுவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பசை முழுக்க ஆறும்வரை காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் உளியில் இழுபட்டு வரும். முனைகளைப் பின்பக்கத்திலிருந்து கத்தியால் கீறி ஒடித்துவிட்டு, நீளவாட்டு ஓரங்களை உளியின் தட்டைப் பக்கத்தைப் பலகை முகத்தில் படியவைத்து, ரேகை போகும் திசை பார்த்துச் சீவ வேண்டும். எதிர்த் திசையில் சீவினால் வெனீர் உள்நோக்கிப் பிளந்துகொண்டு போகும். கடைசியாக 180 நம்பர் உப்புத்தாளை விளிம்பில் சாய்த்துப் பிடித்து ஓரிரு முறை இழுத்தால் கூர்மை போய்விடும்.

பசை பூசிய பட்டை எல்லா ஊர்களிலும் கிடைப்பதில்லை. சென்னை சைடன்ஹாம்ஸ் சாலை போன்ற பிளைவுட் கடைத்தெருக்களில்கூட விரும்பிய மரத்தில் கேட்டால் கையை விரித்துவிடுவார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் சாதாரண வெனீரை நாமே கீற்றாக வெட்டி, பெவிகால் போன்ற வெள்ளைப் பசையை விளிம்பிலும் கீற்றின் பின்பக்கத்திலும் மெல்லியதாகத் தடவி, வெண்மை மறைந்து விரலில் ஒட்டாத நிலைக்கு வரும்வரை காயவிட்டு, அன்றைக்கே இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து ஒட்டிவிடலாம். வெள்ளைப் பசையும் சூட்டில் இளகும் தன்மை கொண்டதால்தான் இது நடக்கிறது. காய்ந்த இரு படலங்களும் சூட்டில் ஒன்றாகக் கலந்து, ஆறியதும் ஒரே படலமாகிவிடுகின்றன. இந்த வேலையில் கனமான பெட்டிக்கும் இலேசான பெட்டிக்கும் உள்ள வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரிகிறது, ஏனெனில் கையால் தடவிய பசை எங்கும் ஒரே கனத்தில் இருப்பதில்லை. சூடாவது சீராக இருந்தாக வேண்டும். வெள்ளைப் பசை வருவதற்கு முன்னால், நீர்க்கலத்துக்குள் கலம் வைத்து வச்சிரம் என்ற விலங்குப் பசையைக் காய்ச்சிய தச்சர்களுக்குச் சூட்டில் இளகிக் குளிரில் பிடிக்கும் இந்தக் கணக்கு புதியதாக இருந்திராது.

எங்கே இதைச் செய்யக் கூடாது என்பதும் மதிப்பீட்டின் பகுதியே. சூட்டில் ஒட்டியது சூட்டில் விடும். எத்திலீன் வினைல் அசிடேட் பசை 70, 80 டிகிரியை நெருங்கும்போது பிடி தளரும் தன்மையுள்ளது. கேஸ் அடுப்பை ஒட்டிய அலமாரிக் கதவு, இட்லிப் பானையின் ஆவி நேராக அடிக்கும் தட்டு, மேற்கு வெயில் விழும் பால்கனிப் பெட்டி ஆகியவற்றுக்கு இஸ்திரிப் பெட்டியால் ஒட்டிய பட்டை உகந்ததல்ல. சமையலறை வேலையை, சூட்டை அதிகம் தாங்கும் பாலியூரித்தேன் பசை பயன்படுத்தும் இயந்திரத்தில் கூலிக்குக் கொடுத்துச் செய்து வாங்குவதே மேல். மறுபுறம், இந்தக் குணமே பழுது பார்ப்பதை எளிதாக்குகிறது: அடிபட்ட பட்டையின் மேல் மீண்டும் பெட்டியை ஓட்டிச் சூடு குறையும் முன் தூக்கினால் முழுசாக உரிந்து வந்துவிடும்.

மாற்றுக் கருவிகளில் பயண அயர்ன் சிறியதாக இருப்பதால் கவர்ச்சியானது. ஆனால் தகடு மெல்லியது, சூடு நிற்பதில்லை. தள்ளுவண்டித் தேய்ப்புக்கடைகளில் இப்போது காணப்படும் கேஸ் இஸ்திரிப் பெட்டிக்கு எடை இருக்கிறது, ஆனால் தெர்மோஸ்டாட் இல்லை. சூடான காற்றை ஊதும் ஹாட் ஏர் கன் தேர்ந்த கைக்கு நல்ல கருவி. அதற்கு எடையும் இல்லை, அழுத்தமும் இல்லை என்பதால் உருளை இல்லாமல் அதைத் தொடவே கூடாது. ஃபெஸ்டூல் நிறுவனத்தின் கான்டூரோ போன்ற கையடக்க எட்ஜ் பேண்டர்கள் தொழில்முறைக் கடைகளுக்கானவை. ஒரு அலமாரிக்காக அதன் விலையை விசாரிப்பதில் பொருளில்லை.

அடித்தகட்டின் பூச்சு குறித்து ஒரு சொல். நான்ஸ்டிக் பூச்சில் பசை ஒட்டாது, ஈரத்துணியே தேவையில்லாமல் வெதுவெதுப்பான சூட்டில் பருத்தித் துணியால் துடைத்தாலே போய்விடும். ஆனால் பலகையில் தலை நீட்டிய ஒரே ஒரு ஆணி அந்தப் பூச்சைக் கீறிவிடும், கீறிய இடத்தில் பிறகு பசை விடாப்பிடியாகப் படியும். பூச்சில்லாத பளபளப்பான அலுமினியத் தகட்டில் பசை ஒட்டும், ஆனால் மெழுகுவர்த்தியைச் சூட்டில் தேய்த்துத் துணியால் துடைத்தால் வந்துவிடும், கீறலுக்கும் அஞ்ச வேண்டியதில்லை. மரவேலைக்கு நான் அலுமினியத்தையே தேர்ந்தெடுப்பேன்.

ஆயிரம் ரூபாய்க்கு முன்னும் பின்னும் புதிய பெட்டி கிடைக்கிறது என்றாலும், வீட்டில் கழித்துப் போட்ட பழைய கனமான டிரை அயர்ன் இருந்தால் அதை முதலில் எடுத்துப் பார்ப்பது நல்லது. இரும்பு ஸ்கேலை அடித்தகட்டின் குறுக்கும் நெடுக்கும் வைத்து வெளிச்சம் புகுகிறதா என்று பாருங்கள். நடுவில் புகுந்தால் தகடு குழிந்திருக்கிறது, வேண்டாம். துணி சுற்றிய பழைய வகைக் கம்பி பிய்ந்திருந்தால் எலெக்ட்ரீஷியனிடம் கொடுத்து மாற்றி, எர்த் இணைப்பையும் சோதித்து வாங்கிய பிறகே செருக வேண்டும். ஒருமுறை பலகைக்கு வந்த பெட்டியைத் திரும்பவும் வேட்டி சட்டைக்கு அனுப்ப வேண்டாம். தகட்டின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் தங்கிய பசை, வெள்ளைச் சட்டையின் காலரில்தான் வந்து இறங்கும்.